மூன்றாம் பாகத்தில் பாதியைத் தொலைத்த கதை

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' என்ற மாயக்கதை நாவல் தொடரை இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முதல் மூன்று பாகங்களில் யார் யார் சாகிறார்கள் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. மறைத்தால் எனக்கு என்ன நேர்ந்தது என்பதையே சொல்லமுடியாது. பாதி படித்துவிட்டுக் கிடப்பில் போட்டவர்கள், முழுக்கப் படித்துவிட்டு மனம் நொந்து உட்கார்ந்திருப்பவர்கள், கதை தெரிந்தாலும் பரவாயில்லை என்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

எனக்கு இந்தத் தொடர் ஒரு துணிப்பையில் வந்தது. வேலையை விட்டு வேறிடம் போன நண்பர் ஒருவர், வீட்டைக் காலிசெய்யும்போது சுமக்க மனமில்லாமல் மூன்று தடித்த புத்தகங்களை என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். "ஒன்று, இரண்டு, மூன்று. வரிசையாக இருக்கிறது. நான் இன்னும் தொடவே இல்லை" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கவனித்திருக்கவேண்டும். தானே படிக்காதவர் தரும் தொடரைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று புத்தகங்கள் இருக்கின்றன, நீண்ட விடுப்பு ஒன்று வருகிறது என்பதுதான். என்னைச் சுற்றி இந்த மாதிரிக் கதைகளைப் படிப்பவர் ஒருவரும் இல்லை. சந்தேகம் கேட்க ஆளில்லை, புலம்பவும் ஆளில்லை. அடுத்த இரண்டேகால் வருடத்தை இப்படித்தான் கழித்தேன்.

1996-இல் வந்த முதல் பாகம், 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்', எட்டுப் பேரின் கண்கள் வழியாக நடக்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தலைப்பே ஒரு பாத்திரத்தின் பெயர். ப்ரான் என்று இருந்தால் அந்தச் சிறுவன் பார்த்தது, கேட்டது, நினைத்தது மட்டும்தான் நமக்குத் தெரியும். எட்டுப் பேரில் அதிக அத்தியாயங்கள் பெற்றவர் நெட் ஸ்டார்க். வடக்கின் தலைவர், நேர்மையானவர், பேச்சு குறைவு, பிள்ளைகள் மேல் உயிர். கதை கேட்டு வளர்ந்த எவருக்கும் சந்தேகமே வராது, இவர்தான் நாயகன். எனக்கும் வரவில்லை. அவர் சிறையில் கிடந்தபோதுகூட நான் கவலைப்படவில்லை. எப்படித் தப்பிப்பார் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு கூட்டத்தின் நடுவே, மகள் ஆர்யாவின் கண் முன்னால், தலையை வெட்டிவிட்டார்கள்.

அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். வெட்டப்பட்டது வேறு யாரோ, நெட்டை எங்கோ ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று எனக்கு நானே ஒரு கதை கட்டிக்கொண்டு அடுத்த சில அத்தியாயங்களைப் புரட்டினேன். ஆள் வரவில்லை. புத்தகத்தை மூடி அலமாரியின் மேல்தட்டில் போட்டேன். மூன்று வாரம் தொடவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், ஆசிரியர் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் இருந்தது. நம்பிக் கடன் கொடுத்தவன் ஏமாந்த மாதிரிக் கோபம். இந்த இடத்தில் தொடரைக் கைவிட்டவர்கள் பலர் உண்டு என்பது பின்னால் தெரிந்தது. அவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான். கோபத்தோடே இருங்கள், ஆனால் அந்தப் பாகத்தின் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். வெகுதூரத்தில் டெனேரிஸ் என்ற பெண்ணுக்கு நடப்பது அது. நெட் போன இடத்தில் கதை ஏன் நிற்கவில்லை என்பது அங்கே புரியும். நான் மூன்று வாரம் கழித்துப் படித்தேன். அன்றிரவே இரண்டாம் பாகத்தை எடுத்துவிட்டேன்.

நாயகன் போனால் நாம் என்ன செய்வோம்? அடுத்தவரைப் பிடித்துக்கொள்வோம். நான் நெட்டின் மூத்த மகன் ராபைப் பிடித்துக்கொண்டேன். பதினைந்து பதினாறு வயதில் படை திரட்டி, ஒவ்வொரு போரிலும் வென்று வருகிறான். அப்பாவின் சாவுக்குப் பழிவாங்கப்போகிறவன் இவன்தான் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். கவனிக்காமல் விட்டது ஒன்று: ராபின் பெயரில் ஓர் அத்தியாயம்கூட இல்லை. அவனை நாம் பெரும்பாலும் அவன் அம்மா கேட்லினின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். ஆசிரியர் அவன் மனத்துக்குள் நம்மை விடவே இல்லை. அது ஏதோ ஒரு குறி என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் இதை விதியாக வைத்துக்கொண்டு யாரும் பந்தயம் கட்டிவிடாதீர்கள். பதினைந்து அத்தியாயம் இருந்த நெட் போய்விட்டார், பிறகு கேட்லினும்.

என் வெறுப்புக்கும் ஓர் ஆள் இருந்தான். ஜேமி லானிஸ்டர். முதல் பாகத்தின் தொடக்கத்திலேயே, பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்ட, நெட்டின் ஏழு வயது மகன் ப்ரானைக் கோபுர ஜன்னலிலிருந்து தள்ளிவிடுகிறான். அதற்குப் பல ஆண்டு முன்பே, காக்கவேண்டிய அரசனையே கழுத்தை அறுத்துக் கொன்றவன். 'அரசக்கொலையாளி' என்பதுதான் ஊர் அவனுக்கு வைத்த பெயர். அழகன், திமிர் பிடித்தவன், இரட்டைச் சகோதரி செர்ஸியோடு தகாத உறவு. வெறுக்க இதைவிட வசதியான பாத்திரம் கிடைக்காது. அவன் வரும் இடங்களில் பென்சிலால் ஓரத்தில் வசையெழுதி வைத்திருக்கிறேன். நண்பர் திருப்பிக் கேட்டால் வெட்கக்கேடு.

இரண்டாம் பாகத்தில் பெயர்கள் கழுத்தை நெரிக்கத் தொடங்கின. ஒரே பெயரில் நாலு பேர், ஒவ்வொரு குடிக்கும் ஒரு கொடி, ஒரு கோட்டை, ஒரு பழம்பகை. இங்கே நான் செய்த ஒரே உருப்படியான காரியம், ஒரு நோட்டுப் புத்தகம் போட்டதுதான். பக்கத்துக்கு ஒரு குடி. ஆள் பெயர், யாருக்கு உறவு, எங்கே முதலில் வந்தார். இவ்வளவு போதும். குணத்தை எழுதாதீர்கள். நான் எழுதினேன், 'நல்லவன்', 'துரோகி', 'கோழை' என்றெல்லாம். ஐந்தாம் பாகம் முடிவதற்குள் அந்த நோட்டில் அடிக்காத சொல்லே இல்லை. தியோன் என்ற ஒருவனுக்கு மட்டும் நான்கு முறை மாற்றி எழுதியிருக்கிறேன். கடைசியில் அவனுக்கு நேராக ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டேன். நோட்டு எதற்கு, புத்தகத்தின் பின்னாலேயே குடிவாரியாகப் பட்டியல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதில் ஒரு பொறி உண்டு: எடுக்கவேண்டிய பாகத்தை விட்டுவிட்டு அடுத்த பாகத்தின் பட்டியலை விரித்தால், நடுவில் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று அது பச்சையாகச் சொல்லிவிடும்.

இனி மூன்றாம் பாகம். பிரித்த உடனேயே ஒரு தலைப்பு என்னை அறைந்தது: 'ஜேமி'. அந்தக் கொலைகாரனின் மனத்துக்குள் நான் போய் உட்காரவேண்டுமாம். முதல் பத்துப் பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். அவனைக் கைதியாக அழைத்துப்போகிறவள் ப்ரியென். நெட்டையான, அழகில்லாத, வாக்குத் தவறாத பெண். அவன் அவளை வழியெல்லாம் இகழ்கிறான். பிறகு கூலிப்படை ஒன்றிடம் இருவரும் சிக்குகிறார்கள். அவளை அவர்கள் சீரழிக்கப் பார்க்கும்போது அவன் ஒரு பொய் சொல்லித் தடுக்கிறான். அதற்குப் பிறகு அவனுடைய வாள் பிடிக்கும் வலக்கையை வெட்டிவிடுகிறார்கள். நியாயமாக நான் மகிழ்ந்திருக்கவேண்டும். நான் ஓரத்தில் எழுதிய வசையெல்லாம் பலித்துவிட்டதே. ஆனால் மனம் கனத்தது. அந்தக் குழப்பத்தோடு புத்தகம் சட்டென்று முடிந்துவிட்டது. ஒரு பாகம் இப்படியா முடியும் என்று தோன்றத்தான் செய்தது. இந்த ஆசிரியர் எதையும் செய்வார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு நான்காம் பாகத்தைக் காசு கொடுத்து வாங்கினேன்.

என் துன்பத்தின் தலைவாசல் அதுதான். 2005-இல் வந்த 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்' என்ற நான்காம் பாகத்தைத் திறந்தேன். தொடக்கத்தில் அறியாத ஊர்கள், அறியாத ஆட்கள். அத்தியாயத் தலைப்பிலும் ஆள் பெயருக்குப் பதிலாகப் பட்டப்பெயர்கள். சரி என்று போனால் செர்ஸியின் அத்தியாயம் வருகிறது. நள்ளிரவில் அவளை எழுப்புகிறார்கள். அரசனுக்கு என்ன ஆயிற்று என்று பதறுகிறாள். அரசன் என்று அவள் சொல்வது இளைய மகன் டாமனை. ஜாஃப்ரி எங்கே? நான் விட்டுவந்த இடத்தில் சிம்மாசனத்தில் இருந்தவன் ஜாஃப்ரி அல்லவா? அடுத்த பக்கத்தில் அவள் அப்பா டைவின் செத்துக்கிடக்கிறார். கொன்றவன் டிரியன், அவருடைய சொந்த மகன். இன்னும் சில அத்தியாயம் போனால் 'சிவப்புத் திருமணம்' என்று எல்லாரும் ஏதோ எனக்குத் தெரிந்த செய்தி மாதிரிப் பேசிக்கொள்கிறார்கள். அந்தத் திருமணத்தில் ராப் கொல்லப்பட்டானாம். எப்போது? எங்கே? யாருடைய திருமணம்?

நானே எங்கோ தூங்கிவிட்டேனா என்று மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பிறகுதான் அட்டையின் மூலையில் சின்ன எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன். 'பகுதி ஒன்று' என்று இருந்தது. 2000-இல் வந்த 'எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வார்ட்ஸ்' நான்கு லட்சம் சொற்களுக்கு மேல் போகிற புத்தகம். பிரிட்டனில் சாதா அட்டைப் பதிப்பில் அதை இரண்டாக வெட்டி விற்கிறார்கள். ஐந்தாம் பாகத்துக்கும் இதே கதிதான். என் பையில் இருந்தது மூன்றாம் பாகத்தின் முதல் பாதி. தொடர் முழுவதிலும் அதிகம் பேசப்படுகிற சாவுகளெல்லாம் இரண்டாம் பாதியில். நான் அதைத் தாண்டிக் குதித்து, பிணம் எடுத்த வீட்டுக்குப் பத்தாம் நாள் போய் "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டவன் மாதிரி நின்றேன்.

எனவே ஒரு தொடரைத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். ஆசிரியர் இதுவரை எழுதிய பாகங்கள் எத்தனை, அவற்றின் பெயர்கள் என்ன, வெளிவந்த ஆண்டு என்ன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் புத்தகத்தின் அட்டையை நம்பாமல் உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். முழுப் பாகமா, பாதியா என்பது அங்கே இருக்கும். புத்தகத்தின் தலைப்புக்குக் கீழே இன்னொரு துணைத்தலைப்பு இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். வேறு தொடர்களில் வேறு மாதிரிச் சிக்கல் வரும். சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசையை எடுத்தால், 1950-இல் முதலில் வந்த புத்தகத்துக்கு இன்றைய பதிப்புகளில் இரண்டாம் எண் போட்டிருப்பார்கள். கதைக்காலப்படி முந்தியது என்று 1955-இல் வந்ததற்கு முதல் எண். எண்ணைப் பார்த்து எடுத்தால், ஒரு மர்மம் பிறக்கும் முன்பே அதற்கான விடையைப் படித்துவிடுவீர்கள். ஆசிரியர் எழுதிய வரிசையில் படிப்பதே மேல் என்பது என் கட்சி.

அடுத்து நான் செய்தது இதைவிடப் பெரிய முட்டாள்தனம். விடுபட்ட பாதியை வாங்கும்வரை பொறுக்காமல், என்னதான் நடந்தது என்று இணையத்தில் தேடினேன். ராபின் பெயரை முழுதாகத் தட்டுவதற்குள் அவன் எப்படிச் செத்தான், யார் கொன்றது என்று தேடுபெட்டியே வரிசையாக நீட்டியது. ரசிகர்கள் சேர்ந்து எழுதும் கலைக்களஞ்சியங்களில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் முதல் பத்தியிலேயே அவர் கதி எழுதியிருக்கும். ராபிலிருந்து கேட்லினுக்குத் தாவினேன். அங்கே நான் படித்த ஒரே ஒரு வரி, மூன்றாம் பாகத்தின் முடிவுரைக்காக ஆசிரியர் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. அது என்ன என்று இங்கேயும் சொல்லமாட்டேன், அந்த அளவுக்காவது நன்றியுணர்வு இருக்கிறது. பாதி படித்தவர் எவரும் பாத்திரத்தின் பெயரைத் தேடக் கூடாது. பெயர் குழம்பினால் உங்கள் நோட்டைப் பாருங்கள், அல்லது முந்தைய பக்கங்களைப் புரட்டுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் குழப்பத்தோடு மேலே போங்கள். குழப்பம் தானாகத் தெளியும். தெரிந்துவிட்டதை மறக்க வழியே இல்லை.

அன்றிரவு எனக்கு ஏற்பட்டதை இழப்பு என்றுதான் சொல்லவேண்டும். ஒரு கற்பனை ஆளுக்காக வளர்ந்த மனிதன் தூக்கம் கெட்டுக் கிடப்பதை வீட்டில் யாரிடம் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். "புத்தகம்தானே" என்றார்கள். புத்தகம்தான். ஐந்து மாதம் வேறு எந்தக் கதையையும் என்னால் படிக்கமுடியவில்லை. எவரைப் பார்த்தாலும் இவன் எப்போது சாவான் என்றே மனம் கணக்குப் போட்டது. இப்படி ஒரு தொடருக்குள் தனியாகப் போகாதீர்கள். கூடவே படிக்க ஒருவர், உங்களுக்கு ஓர் அத்தியாயம் முன்னாலோ பின்னாலோ இருந்தால் போதும். கிடைக்காவிட்டால் ஒரு நாட்குறிப்பாவது வையுங்கள். எனக்கு அந்தப் பென்சில் வசைகள்தான் நாட்குறிப்பாக உதவின.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதம் கழித்து மூன்றாம் பாகத்தை வாங்கத் துணிந்தபோது அவசரத்தில் முழுப் பதிப்பை வரவழைத்துவிட்டேன். ஆக முதல் பாதி என்னிடம் இரண்டு. நான்காம் பாகத்தையும் பாதி படித்ததை மறந்து மறுபடி முதலிலிருந்து படிக்கவேண்டியிருந்தது. மொத்தத்தில் செலவு ஒன்றரை மடங்கு, காலம் இரண்டு மடங்கு. திருப்பித் தரும் கெடு முடிந்துவிட்டிருந்தது. அது என் சோம்பல்.

அந்தத் திருமண அத்தியாயத்தை என்ன நடக்கும் என்று தெரிந்தே படித்தேன். தெரிந்தும் கை நடுங்கியது. விருந்தினராக உப்பும் ரொட்டியும் தந்துவிட்டு, பாதுகாப்பு என்று நம்பவைத்துக் கொல்கிறார்கள். மார்ட்டின் இதை எழுதவே தயங்கி, பாகத்தின் மற்ற பகுதிகளையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் இதற்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல், கஷ்டம் எனக்கு மட்டும் இல்லை போலும். ஸ்காட்லாந்து வரலாற்றிலிருந்து இதை எடுத்ததாகவும் சொல்லியிருக்கிறார். 1440-இல் எடின்பரோ கோட்டையில் விருந்துக்கு அழைத்த இரண்டு இளம் டக்ளஸ் சகோதரர்களைக் கொன்றது ஒன்று. 1692-இல் கிளென்கோ பள்ளத்தாக்கில் கிட்டத்தட்ட இரண்டு வாரம் வீடுகளில் தங்கி உண்ட படையினர், ஒரு விடியற்காலையில் தம்மை உபசரித்த குடும்பங்களையே வெட்டியது இன்னொன்று. அதைப் படித்தபிறகு, அந்தத் திருமண விருந்தை நடத்திய வால்டர் ஃப்ரே எனக்கு மாயக்கதை வில்லனாகத் தெரியவில்லை. டிராகனோ மந்திரமோ இல்லாத, சின்ன அவமானத்தை மனத்தில் வைத்துக் கறுவிக்கொண்டிருக்கும் ஒரு கிழவன். இந்தத் தொடரில் நான் மனதார வெறுப்பது அவனைத்தான். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் வில்லன் சௌரோன் நேரில் வந்து நிற்பதே இல்லை. அவனை வெறுப்பது புயலை வெறுப்பது மாதிரி. ஃப்ரேயை வெறுப்பது பக்கத்து வீட்டுக்காரரை வெறுப்பது மாதிரி, சூடு தணியாது.

ஜேமிக்கு வருகிறேன். அதே பாகத்தில், சூடான நீர்த்தொட்டியில் காய்ச்சலோடு உட்கார்ந்துகொண்டு, தான் ஏன் அரசனைக் கொன்றான் என்று ப்ரியெனிடம் சொல்கிறான். தலைநகரத்துக்கு அடியிலெல்லாம் எரிதைலத்தைப் புதைத்து வைத்து, தோற்கும் நேரத்தில் ஊரோடு கொளுத்த அந்தப் பைத்திய அரசன் உத்தரவிட்டிருக்கிறான். அதைத் தடுக்கத்தான் ஜேமி கத்தி எடுத்தது. அப்போது அவனுக்குப் பதினேழு வயது. அந்த உண்மையை அவன் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நெட் ஸ்டார்க் உள்ளே வந்து பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார். நானும் அப்படித்தான், பென்சிலால். அரசனைக் காப்பேன் என்றும் சத்தியம், அப்பாவிகளைக் காப்பேன் என்றும் சத்தியம். இரண்டும் மோதினால் எதைக் காப்பது? இது நமக்குப் புதிய கேள்வியா என்ன? கம்பனின் கும்பகர்ணன், அண்ணன் செய்தது தவறு என்று தெரிந்தே, வளர்த்து ஆளாக்கியவனுக்காகச் சாகப் போகிறான். அறத்தின் பக்கம் வந்துவிடு என்று அழைக்கும் வீடணனும் பொய் சொல்லவில்லை. நாம் இருவருக்கும் கண் கலங்குகிறோம். கர்ணனுக்காக அழாதவர் உண்டா? கூட நின்றது துரியோதனன் என்பது தெரிந்துதானே அழுகிறோம். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த நான், ஒரு வெளிநாட்டுக் கதை என்றவுடன் நல்லவன் கெட்டவன் என்று இரண்டு பத்தி போட்டுக்கொண்டு உட்கார்ந்தது எனக்கே விளங்கவில்லை.

அதற்காக ஜேமி நல்லவனாகிவிட்டான் என்று சொல்லமாட்டேன். ப்ரானின் கால்கள் திரும்ப வரப்போவதில்லை. தொடரில் எனக்கு மிகவும் பிடித்தவர்களில் ஒருவரான டாவோஸ் இதற்கு நல்ல சாட்சி. கள்ளக் கடத்தல்காரர். முற்றுகையில் பட்டினி கிடந்த ஸ்டானிஸ் என்ற பிரபுவின் கோட்டைக்கு வெங்காயப் படகு கொண்டுவந்து உயிர் காத்தவர். ஸ்டானிஸ் அவருக்கு வீரப்பட்டம் கொடுத்தார்; பழைய குற்றத்துக்காக ஒரு கையில் நான்கு விரல்களின் நுனியையும் வெட்டினார். நன்மையும் தீமையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளவில்லை, தனித்தனிக் கணக்கு. டாவோஸ் அந்த எலும்புத் துண்டுகளைப் பையில் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிகிறார். என் நோட்டில் குணம் என்ற பத்தியை அடித்துவிட்டு 'செய்தது' என்று மாற்றியது இவரைப் படித்தபிறகுதான். யாருக்கு நேராகவும் தீர்ப்பு எழுதாமல் செய்ததை மட்டும் எழுதிப் பாருங்கள், இந்தத் தொடர் எவ்வளவோ இலகுவாகிவிடும்.

மனத்துக்குள் நுழைந்தால் எல்லா வில்லனும் இனிப்பான் என்று அவசரப்பட்டும் முடிவு கட்டினேன். அதையும் நான்காம் பாகம் உடைத்தது. செர்ஸிக்கு அங்கேதான் முதல்முறை அத்தியாயங்கள் கிடைக்கின்றன. உள்ளே போய்ப் பார்த்தால் வெளியிலிருந்து பார்த்ததைவிட மோசம். ஆனாலும் அந்த அத்தியாயங்களை நான் தவறவிடமாட்டேன். தன்னைப் பெரிய சூழ்ச்சிக்காரி என்று நம்பிக்கொண்டே தன் காலடியைத் தானே தோண்டுகிறவளைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எத்தனை கதையில் கிடைக்கும்?

நான்காம் பாகத்தைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டிய ஒன்று உண்டு. டிரியன், டெனேரிஸ் இருவருக்கும் அதில் ஓர் அத்தியாயமும் இல்லை, நெட்டின் வீட்டில் வளர்ந்த ஜான் ஸ்னோவுக்கும் இல்லை. கதை பெருத்துவிட்டதால் மார்ட்டின் ஆட்களை இடவாரியாகப் பிரித்து, இவர்களை ஐந்தாம் பாகத்துக்குத் தள்ளிவிட்டார். அது 2011-இல்தான் வந்தது. அப்போதே படித்துக்கொண்டிருந்தவர்கள் டிரியனின் அடுத்த அடியைத் தெரிந்துகொள்ள 11 ஆண்டு காத்திருந்தார்கள். நான் சில மாதம் காத்ததற்கே முணுமுணுத்தேன். இரண்டு பாகங்களின் அத்தியாயங்களையும் கலந்து கால வரிசையில் படிக்கும் முறை ஒன்றும் சிலரிடம் இருக்கிறது. முதல்முறை படிப்பவர் அதைத் தொடவேண்டாம். யார் இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள், ஏமாற்றம் பாதியாகக் குறையும். நடுவில் தொலைக்காட்சித் தொடர் பக்கமும் போகாதீர்கள். 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவம் ஓடிய அது, பிற்பகுதியில் புத்தகங்களைத் தாண்டித் தன் போக்கில் முடிந்துவிட்டது. இரண்டையும் கலந்தால், எந்த ஜேமி எந்த வாக்கைச் சொன்னான் என்றே தெரியாமல் போகும்.

ஐந்தாம் பாகத்தில் ஜானின் கடைசி அத்தியாயம் எப்படி முடிகிறது என்பதைச் சொல்லப்போவதில்லை. ஜேமியைக் குதிரையில் ஏற்றி எங்கே அனுப்பிவிட்டு ஆசிரியர் கதவைச் சாத்தினார் என்பதையும் சொல்லமாட்டேன். இரண்டும் பாதியில் நிற்கின்றன. 17 லட்சம் சொற்களுக்கு மேல் படித்துவிட்டு அப்படி நின்றபோதுதான், இந்தத் தொடர் முடிந்துவிட்டதா என்று நான் ஒருமுறைகூட விசாரிக்கவில்லை என்பது உறைத்தது. ஏழு பாகத் திட்டம், வந்தவை ஐந்து. நான் இதை எழுதும்போது ஆறாவது வரவில்லை. முடியாத தொடர் வேண்டாம் என்று நினைப்பவர்கள் இதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' ஆசிரியர் 2007-இல் மறைந்தபிறகு, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் எழுதி 2013-இல் பதினான்காம் பாகத்தோடு நிறைவுபெற்றது. அங்கே முடிவு இருக்கிறது, தைரியமாக நுழையலாம். நான் இந்தத் தொடரை மறுபடி தொடங்குவேனா என்று கேட்டால், தொடங்குவேன். ஆனால் தெரிந்தே தொடங்குவேன், கதவில்லாத வீட்டுக்குள் போகிற மாதிரி.

போன மாதம் அதே துணிப்பையை அக்கா மகள் எடுத்துப்போனாள். பதினெட்டு வயது, ஆங்கில நாவல்களை விழுங்குகிறவள். பென்சில் வசைகளையெல்லாம் இரண்டு இரவு உட்கார்ந்து ரப்பரால் அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன். நான்காம் நாள் இரவு பதினொன்றரைக்குத் தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, சின்னப் பையனை ஜன்னலிலிருந்து தள்ளிவிட்டானே, அந்த ஜேமி எப்போது சாவான் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். நிம்மதியாகத் தூங்குகிறேன்."

"மூன்றாம் பாகம் உன் பையில் பாதிதான் இருக்கிறது. முழுசு என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்" என்றேன்.